பிரேக்கர் திறந்தாலும் ஜெனரேட்டர் ஓடுகிறதே: எர்த் ஃபால்ட் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஆலை ஜெனரேட்டர் ஒரு டிரான்ஸ்பார்மர் வழியாக 11 கேவி லைனோடு இணைந்து ஓடுகிறது. லைன் பக்கம் டெல்டா, அதாவது நியூட்ரல் புள்ளி இல்லாத முக்கோண இணைப்பு. மின்சாரம் பூமிக்குப் பாய்ந்தால் பிரேக்கரைத் திறக்கும் எர்த் ஃபால்ட் ரிலே ஏற்கெனவே இருக்கிறது. விநியோக நிறுவனம் என்.வி.டி. (நியூட்ரல் வோல்டேஜ் நகர்வதைப் பார்க்கும்) ரிலேவும் போடச் சொல்கிறது. இது வீண் செலவு இல்லையா?

பதில்: இல்லை. உங்கள் எர்த் ஃபால்ட் ரிலே கரண்ட்டைப் பார்க்கிறது. லைனில் ஒரு கம்பி அறுந்து தரையில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணைமின்நிலைய ரிலே அதைக் கண்டு ஃபீடரின் (அந்த 11 கேவி லைனின்) பிரேக்கரைத் திறந்துவிடும். அதோடு அந்த லைனுக்கு இருந்த நியூட்ரல் எர்த்தும் போய்விட்டது. ஆனால் உங்கள் ஜெனரேட்டர் இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. டெல்டாவில் எர்த் கரண்ட் திரும்பி வர வழி கிடையாது. லைனின் கெப்பாசிட்டன்ஸ் வழியாக ஓடும் சொற்ப ஆம்பியர்தான் மிச்சம். ரிலேவுக்கு அது கண்ணிலேயே படாது.

பழுதான ஃபேஸ் பூமியோடு ஒட்டிக்கொண்டதால், மற்ற இரண்டும் பூமியைப் பொறுத்து 6.35 கேவியிலிருந்து 11 கேவிக்கு ஏறிவிடும். சர்ஜ் அரெஸ்டர், இன்சுலேட்டர், கேபிள் எல்லாம் திணறும். வேடிக்கை என்னவென்றால், டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருக்கும் வீடுகளில் விளக்கு வழக்கம்போல எரியும், ஏனென்றால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையிலான வோல்டேஜ் மாறவில்லை. யாரும் புகார் செய்யப்போவதில்லை. விழுந்த கம்பிக்கோ இன்னும் உயிர் இருக்கிறது. லோடும் உற்பத்தியும் ஏறக்குறைய சமமாக இருந்துவிட்டால், கிரிட் போனதைக் கண்டுபிடிக்கும் ரிலேவும் ஏமாறலாம். நியூட்ரல் நகர்வதை வோல்டேஜில் நேராகப் பார்ப்பது என்.வி.டி. மட்டுமே.

கேள்வி: என்.வி.டி.க்கு வேண்டிய வோல்டேஜை, இருக்கிற மூன்று கால் பி.டி.யிலேயே (வோல்டேஜ் அளக்கும் டிரான்ஸ்பார்மர்) ஓபன் டெல்டாவாக (மூன்று வைண்டிங்கையும் வரிசையாக இணைத்து ஒரு மூலையைத் திறந்துவிடுவது) எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மூன்று ஃபேஸிலும் ஒரே திசையில் வரும் ஃபிளக்ஸ் திரும்ப அதன் கோரில் வழியில்லை. ஐந்து கால் பி.டி. அல்லது மூன்று தனி ஒற்றை ஃபேஸ் பி.டி. வேண்டும். பிரைமரி ஸ்டார் புள்ளியைக் கட்டாயம் எர்த் செய்யுங்கள். ஒவ்வொரு வைண்டிங்கும் 110/3 வோல்ட் என்றால், முழு எர்த் ஃபால்ட்டில் ஓபன் டெல்டாவில் 110 வோல்ட் வரும். பழுதில்லாத நேரத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 73 வோல்ட் காட்டினால் ஒரு வைண்டிங்கைத் தலைகீழாக இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கமிஷனிங்கில் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பி.டி.யும் லைன் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து வோல்டேஜைத் தாறுமாறாக ஏற்றும் ஃபெரோரெசனன்ஸைத் தணிக்க, ஓபன் டெல்டாவின் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: என்.வி.டி.க்கு எவ்வளவு நேரம் கொடுப்பது?

பதில்: பக்கத்து ஃபீடரில் ஃபால்ட் வந்தாலும் உங்கள் நியூட்ரல் நகரும். அதனால் அந்த ஃபீடர் ரிலே வேலையை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆட்டோ ரீக்ளோஸுக்கு (துணைமின்நிலையம் பிரேக்கரைத் தானாக மீண்டும் மூடுவது) முன்னால் டிரிப் ஆகியும் தீர வேண்டும். ஃபேஸ் பொருந்தாத நேரத்தில் கிரிட் வந்து சேர்ந்தால் ஷாஃப்ட்டே முறுக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இடம் போதவில்லையா? ரீக்ளோஸ் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள், அல்லது லைன் செத்திருந்தால்தான் மூட வேண்டும் என்ற சோதனையைக் கேளுங்கள்.

கேள்வி: 11 கேவி பக்கம் ஸ்டாராக்கி அதன் நியூட்ரலை எர்த் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: கிரிட் இருக்கும்போது எர்த் ஃபால்ட் கரண்ட் இரண்டு இடத்துக்குப் பிரியும். துணைமின்நிலைய ரிலே தன் பங்கைக் குறைவாகப் பார்த்து மந்தமாகிவிடும். விநியோக நிறுவனத்திடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

கேள்வி: இரண்டு ஜெனரேட்டரை 415 வோல்ட்டில் பேரலல் செய்தால் நியூட்ரல் கேபிள் சுடுகிறது. லோடு சமமாகத்தான் இருக்கிறது.

பதில்: மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும் கரண்ட்) இரண்டு நியூட்ரலுக்கும் இடையே சுற்றுகிறது. வைண்டிங் பிட்ச் (ஒரு காயிலின் இரு பக்கங்களுக்கு இடையிலான அகலம்) வேறு வேறாக இருக்கும் மெஷின்களில் இது அதிகம். நியூட்ரல் கான்டாக்டர் வைத்து ஒன்றை மட்டும் இணையுங்கள். அந்த மெஷின் நின்றால் அடுத்ததன் கான்டாக்டர் தானாக மூடும்படி இன்டர்லாக் அவசியம். இல்லாவிட்டால் கிரிட் இல்லாமல் தனியாக ஓடும்போது எர்த்தே இருக்காது.