கிளஸ்டரில் செப்புக் கேபிளை எடுத்துவிட்டு ஆப்டிகல் ஃபைபர் போட்டால் கணக்குகள் வேகமாக ஓடுமா?

பல கணினிகளை இணைத்து ஒன்றாக ஓட்டும் உங்கள் கிளஸ்டரில் எம்பிஐ வேலைகள் (கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே போடும் கணக்குகள்) இழுத்துக்கொண்டு போகின்றன, யாரோ “ஃபைபருக்கு மாறுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

ஒளி என்றாலே வேகம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஃபைபருக்குள் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ நொடி ஆகிறது. செப்பிலும் சிக்னலுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கணினிகளை அடுக்கும் ஒரே ரேக்குக்குள் ஓடும் கேபிளை ஃபைபராக மாற்றினால் மின் சிக்னலை ஒளியாக்கி, மறுமுனையில் திரும்பவும் மின் சிக்னலாக்கும் வேலைதான் கூடும், அதற்கு மின்சாரமும் செலவாகும். ஃபைபர் தேவைப்படுவது தூரத்துக்கு. கேபிளின் ஒரு லேனில் (தரவு ஓடும் ஒரு தடத்தில்) நொடிக்கு 100 ஜிகாபிட் போகும்போது சாதாரணச் செப்புக் கேபிள் 2, 3 மீட்டரைத் தாண்டாது. அடுத்த வரிசை ரேக்குக்குப் போக வேண்டுமென்றால் ஃபைபர்தான் வழி.

நான் ஒரு ஆய்வு நிறுவனத்தின் கிளஸ்டரில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பெரிய சிமுலேஷன் சில நாள் சரியாக ஓடும், சில நாள் படுத்துவிடும். எழுதியவர் நெட்வொர்க்கைக் குறை சொன்னார், நிர்வாகம் அவருடைய நிரலைக் குறை சொன்னது. எல்லாப் போர்ட்டிலும் பச்சை விளக்கு. பிழை எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தபோது ஒரே ஒரு லிங்க்கில் மட்டும் அது ஏறிக்கொண்டே இருந்தது. பிழைதிருத்தத்தை மீறிய பாக்கெட்டுகள் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டன. வேலைகளுக்கு இடம் ஒதுக்கும் ஷெட்யூலர், அந்த லிங்க் வழியே பேசும் நோடுகளை (கணினிகளை) கொடுத்த நாட்களில்தான் வேலை படுத்தது. எல்லா நோடுகளின் விடையையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் திருப்பிக் கொடுக்கும் ஆல்ரெட்யூஸ் என்ற எம்பிஐ அழைப்பில் ஒரு நோடு தாமதித்தால் மற்ற அத்தனையும் கைகட்டிக் காத்திருக்கும் இல்லையா?

கேபிளைக் கழற்றி, பல இழைகள் ஒரே வரிசையில் நிற்கும் எம்பிஓ முனையை ஃபைபர் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வரிசையில் ஓர் இழையின் நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு கறை. சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி ஓடும் மையம் சுமார் 9 மைக்ரான்தான், அதை மறைக்க ஒரு தூசி போதும். கிளீனரால் துடைத்து, மறுபடி பார்த்து, செருகினேன். பிழைகள் நின்றன. வேலையும் பழையபடி ஓடியது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

இந்த இடத்தில் என் ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். செயலி வாங்கக் கேட்டால் உடனே கையெழுத்து, அந்த மைக்ரோஸ்கோப் வாங்கக் கேட்டபோது கேள்வி மேல் கேள்வி. கட்டுரையின் நன்றியுரையில் கணினிக்கு நன்றி இருக்கும், நிதி கொடுத்தவருக்கு இருக்கும். கேபிளைத் துடைத்தவருக்கு இருக்காது.

“கோ-பேக்கேஜ்ட் ஆப்டிக்ஸ் காலத்தில் துடைப்பதைப் பற்றிப் பேசுகிறாரே” என்று சிலர் வரலாம். தெரியும். அப்படி, ஸ்விட்ச் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒளிப் பகுதியை வைக்கும் ஸ்விட்ச்களை என்விடியா 2025 மார்ச்சில் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான கூகுளின் டிபியு வி4 சிப்புகளின் அமைப்பில், நுண்ணிய கண்ணாடிகளைத் திருப்பி ஒளியை ஒளியாகவே வேறு பாதைக்கு அனுப்பும் ஸ்விட்ச்கள் 4,096 சிப்புகளை இணைக்கின்றன. அருமையான வேலைகள், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கும் ஃபைபருக்கு முனை உண்டு, முனையில் தூசி படியும்.

முதலில் ஒவ்வொரு போர்ட்டின் பிழை எண்ணிக்கையையும் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு நாள் வழக்கமான வேலைகளை ஓட்டுங்கள். ஏதாவது லிங்க் தனித்துத் தெரிந்தால் அதன் இரண்டு முனைகளையும் துடையுங்கள், அப்புறமும் ஏறினால் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் டிரான்ஸீவரை மாற்றுங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தும் வேலை இழுக்கிறதென்றால், உங்கள் நிரல் எந்த எம்பிஐ அழைப்பில் காத்திருக்கிறது என்று புரொஃபைலரில் பாருங்கள்.