யார் டேப் ஒட்டுவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளாக பிராக்டிகல் ஷூட்டிங் (நகர்ந்துகொண்டே, நேரக் கணக்கோடு கைத்துப்பாக்கியால் இலக்குகளைச் சுடும்) போட்டிகளில் புரொடக்‌ஷன் பிரிவில், அதாவது பெரிய மாற்றங்கள் செய்யாத துப்பாக்கிகளுக்கான பிரிவில் சுடுகிறேன். எல்லாமே கிளப் அளவிலான முதல் நிலைப் போட்டிகள். முதலிடம் வருபவரோடு ஒப்பிட்டால் எழுபது சதவீதம் வரை வருகிறது. ஆனால் என் ஸ்குவாடில், அதாவது சேர்ந்து சுடும் குழுவில், இருக்கும் சிலர், மூன்றாம் நிலைப் போட்டியில் சுட்டால்தான் கணக்கு, மற்றதெல்லாம் பயிற்சி என்கிறார்கள். வெளியே யாராவது கேட்டால் நான் சுடுவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இப்போது ஒரு மூன்றாம் நிலைப் போட்டி வருகிறது. அதன் நுழைவுக் கட்டணத்தில் ஆறு கிளப் போட்டிகள் சுடலாம். கடன் வாங்கித்தான் போக வேண்டும். நிலையும் கட்டணமும் உண்மையிலேயே முக்கியமா? கிளப் போட்டியில் பணமும் கட்டிவிட்டு, அடுத்தவர் சுட்ட இலக்கு அட்டையின் ஓட்டைகளுக்கு நாமே டேப்பும் ஒட்ட வேண்டியிருக்கிறது. பெரிய போட்டிகளில் அதற்கு ஆள் வைத்திருப்பார்களாம். கூடுதல் கட்டணம் அதற்குத்தானா? டிரிகரை மாற்றினால் சதவீதம் ஏறுமா என்பதையும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

டேப் ஒட்டுவது பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே இது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. தன் முறை முடிந்ததும் நிழலில் போய் உட்கார்ந்து போனை எடுத்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு ஸ்குவாடிலும் கூடிக்கொண்டே போகிறார்கள். அதை நியாயப்படுத்த அவர்கள் சொல்லும் வரியை நீங்களும் சொல்லிவிட்டீர்கள்.

டிரிகரை விடுங்கள். இப்போதைக்கு அது உங்கள் பிரச்சினை இல்லை.

நிலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விதிப்புத்தகத்தின் பிற்சேர்க்கையைப் பார்த்தால் ஒன்று தெரியும். முதல் நிலைக்கு 3 ஸ்டேஜ் (தனியாக நேரம் கணக்கிட்டுச் சுடும் ஒரு சுற்று), 40 தோட்டா. மூன்றாம் நிலைக்கு 12 ஸ்டேஜ், 150 தோட்டா. உலகப் போட்டியான ஐந்தாம் நிலைக்கு 30 ஸ்டேஜ், 450 தோட்டா. இவை குறைந்தபட்ச அளவுகள். அதாவது நிலை என்பது முதலில் போட்டியின் அளவு. அப்புறம், அதை யார் அங்கீகரிக்கிறார்கள், எத்தனை அதிகாரிகள் நிற்கிறார்கள், யாரெல்லாம் சுட வருகிறார்கள் என்பது. சுடுகிறவரின் தரத்தை அது அளப்பதில்லை.

உங்கள் எழுபது சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 24 தோட்டா ஸ்டேஜ் ஒன்று, மொத்தம் 120 புள்ளி. அட்டையின் நடுப்பகுதியான ஏ-வில் 18, அதைச் சுற்றிய சி-யில் 6 அடிக்கிறீர்கள். சக்தி குறைந்த தோட்டாவுக்கான மைனர் கணக்கில் ஏ-வுக்கு 5, சி-க்கு 3, ஆக 108 புள்ளி. நேரம் 16 நொடி. புள்ளியை நேரத்தால் வகுத்தால் ஹிட் ஃபேக்டர் 6.75. அந்த ஸ்டேஜில் முதலாவதாக வந்தவர் 114 புள்ளியை 12 நொடியில் எடுத்தால் அவருடையது 9.5. உங்களுக்கு 71 சதவீதம். இதே ஸ்டேஜை மூன்றாம் நிலைப் போட்டியில் வைக்கிறார்கள், அங்கே ஒருவர் அதே 114 புள்ளியை 10 நொடியில் முடிக்கிறார், ஹிட் ஃபேக்டர் 11.4. நீங்கள் அதே 6.75-ஐத்தான் சுடுகிறீர்கள். ஆனால் தாளில் 59 சதவீதம் என்று வரும்.

உங்கள் கையில் எதுவும் மாறவில்லை, உச்சியில் நிற்கும் ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். கிளப்பில் வந்த எழுபதை வைத்துப் பெருமைப்படவும் வேண்டாம், பெரிய போட்டியில் வரப்போகும் ஐம்பத்தொன்பதை நினைத்துக் குன்றவும் வேண்டாம். முதல் நிலைப் போட்டி போட்டியே இல்லை என்பவர்களிடம் அவர்களுடைய ஹிட் ஃபேக்டரைக் கேளுங்கள், சதவீதத்தைக் கேட்காதீர்கள். டைமர் எல்லா நிலையிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. துப்பாக்கியின் வாய் 90 டிகிரியைத் தாண்டினால் எந்த நிலையானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக, ஆபத்தில்லாமல் சுட்டிருக்கிறீர்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சரி, டேப்புக்கு வருகிறேன்.

நான் சுடத் தொடங்கிய காலத்தில் எங்கள் ரேஞ்சில் மூத்த ரேஞ்ச் ஆபீசர், அதாவது சுடுவதைக் கண்காணித்துப் புள்ளி சொல்லும் அதிகாரி, ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்காதான். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. புதிதாக வந்தவன் டேப் சுருளோடு அட்டையிடம் ஓடினால் கையைப் பிடித்து நிறுத்துவார். "ஒட்டாதே, முதல்ல பாரு" என்பார்.

அட்டையில் ஏ, சி, டி கோடுகள் துளைக்கோடாகத்தான் இருக்கும். சுடும் இடத்திலிருந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில் வெறும் அட்டைதான். கோடு எங்கே என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அக்கா அப்படிப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கேட்பார்: "இந்த ரெண்டு ஓட்டையையும் பாரு. என்ன பண்ணியிருக்கான்?"

ஒன்று ஏ-வின் நடுவில், மற்றது அதற்கு நேர் மேலே சி-யில். முதல் குண்டு போனதும் எழும்பிய சைட் (குறிபார்க்கும் முனை) கீழே இறங்கி வருவதற்குள் இரண்டாவதை அழுத்திவிட்டான். வலக்கைக்காரர் சுட்ட அட்டையில் இரண்டாவது ஓட்டை ஒரு சாண் தள்ளி, கீழே இடது பக்கம். உதைப்பை எதிர்பார்த்துக் கையை இறுக்கி அமுக்கியிருக்கிறார். இரண்டும் ஒரே உயரத்தில், பக்கவாட்டில் விலகியிருந்தால், கால் நிற்பதற்கு முன்பே சுட்டது. ஒரு வரிசையில் நான்கு அட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை விழ வேண்டும். முதல் மூன்றும் சுத்தம், கடைசி அட்டையில் ஒரே ஒரு ஓட்டை. இதைத்தான் அக்கா அதிகமாகக் காட்டுவார். உடம்பு அங்கே நிற்கிறது, மனம் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டது. அந்த ஒரு மிஸ்ஸுக்கு, கிடைக்காமல் போன 5 புள்ளியோடு தண்டனையாக 10 புள்ளியும் போகும்.

இதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு ஸ்குவாடில் பத்துப் பேர் என்றால் ஒரே ஸ்டேஜை ஒன்பது பேர் ஒன்பது விதமாகச் சுட்டதைப் பக்கத்தில் நின்று படிக்கலாம். யார் எங்கே தோட்டா அடைத்த மேகசினை மாற்றினார், அதனால் அடுத்த அட்டையில் என்ன ஆயிற்று, யார் கதவைத் திறந்துகொண்டே சுட்டார், அந்த அவசரம் எந்த அட்டையில் தெரிகிறது. நிழலில் போனோடு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நாளில் தான் சுட்ட சில நொடிகள் மட்டும்தான் மிஞ்சும்.

நீங்கள் கட்டிய கட்டணத்தில் அட்டையும் டேப்பும் இடத்து வாடகையும்தான் அடங்கும். மற்றதெல்லாம் யாரோ விடியற்காலையில் வந்து கம்பம் நட்டு, சுவர் கட்டி, இரும்புத் தகடுகளை நிறுத்தி வைத்த உழைப்பு. பெரும்பாலும் அவர்கள் ஒரு பைசா வாங்குவதில்லை. கிளப் போட்டி அந்த விலையில் கிடைப்பதே எல்லோரும் சேர்ந்து வேலை செய்வதால்தான். கல்யாண வீட்டில் மொய் வைத்துவிட்டேன், பந்தியில் ஒரு கை பிடிக்க மாட்டேன் என்று உறவுக்காரர் சொன்னால் எப்படியிருக்கும்? நீங்கள் இங்கே வாடிக்கையாளர் இல்லை. ஸ்குவாடில் ஒருவர். உங்கள் அட்டைக்கும் யாரோ டேப் ஒட்டியிருக்கிறார்கள், அவரும் கட்டணம் கட்டியவர்தான். நீங்கள் யோசிக்காமல் எழுதியிருக்கலாம், ஆனாலும் இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒட்டும்போது முறையாக ஒட்டுங்கள். அதிகாரி புள்ளியைச் சொல்லி முடிப்பதற்கு முன் கை வைக்கக் கூடாது. முந்திக்கொண்டு ஒட்டினால், சுட்டவருக்கு வர வேண்டிய புள்ளியே சந்தேகமாகிவிடும், சில சமயம் திரும்பச் சுட வேண்டியும் வரும். கோட்டை லேசாகத் தொட்டிருந்தாலும் மேல் மதிப்புத்தான், அதனால் சுட்டவர் அந்த ஓட்டையைப் பார்க்கும் வரை பொறுங்கள். கிழிந்த ஓட்டையின் விளிம்பை உள்ளே தள்ளிவிட்டு டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவரின் குண்டு எது, பழைய ஓட்டை எது என்று ஒரே தகராறாக இருக்கும்.

பெரிய போட்டியில் இதற்கு ஆள் இருப்பது உண்மைதான். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் தனி அதிகாரிகள், உதவியாளர்கள், அவர்களுக்குத் தங்கும் இடம், சாப்பாடு என்று கூடுதல் கட்டணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. அதனால் கிடைப்பது ஒரே சீரான தீர்ப்பு. காலையில் சுட்டவருக்கும் மாலையில் சுட்டவருக்கும் அதே அதிகாரி, அதே அளவுகோல். அதற்காகக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் டேப் ஒட்டாமல் தப்பிப்பதற்காகக் கொடுக்கிறீர்கள் என்றால் ஆறு கிளப் போட்டிகளின் கல்வியையும் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

கடன் வாங்கிப் போகாதீர்கள். நுழைவுக் கட்டணம் செலவில் ஒரு பகுதிதான், தோட்டாவும் பயணமும் தங்குமிடமும் அதைத் தாண்டிவிடும். கடனோடு போய் நிற்கிறவர் ஒவ்வொரு மிஸ்ஸையும் ரூபாயாக எண்ணிக்கொண்டிருப்பார். இந்த முறை, முடிந்தால், அதே போட்டியில் உதவியாளராக வருகிறேன் என்று எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் அப்படி வருகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, சிலர் முன்கூட்டியே சுடவும் விடுவார்கள்.

சுடுவதாக இருந்தால் இன்னொன்றையும் பார்த்துவிட்டுப் போங்கள். பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாவை எடுத்து குரோனோகிராஃப் என்ற கருவியில் வேகம் பார்ப்பார்கள். கிளப்பில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. மைனருக்கு பவர் ஃபேக்டர் 125 வேண்டும்: குண்டின் எடையை கிரெயின் என்ற அலகில், வேகத்தை நொடிக்கு அடியில் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. 124 கிரெயின் குண்டு நொடிக்கு 1030 அடி போனால் 127.7, தேறிவிடும். அதே குண்டு 1000 அடிதான் போகிறது என்றால் 124. அப்புறம் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் உங்களுக்குப் புள்ளி கிடையாது. கிளப்பில் யாரிடமாவது கருவி இருக்கும். இந்த வாரமே, போட்டிக்குக் கொண்டுபோகும் அதே துப்பாக்கியில், அதே பெட்டித் தோட்டாவை வைத்துப் பார்த்துவிடுங்கள்.