ரோம் பார்க்கக் கப்பலின் சுற்றுலா பஸ்ஸில்தான் போக வேண்டுமா?

கேள்வி: மே மாதம் பார்சிலோனாவில் ஏறி மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் குரூஸ் போகிறோம். நான், கணவர், எழுபதை நெருங்கும் மாமனார், மாமியார். ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் ஒரு புதன்கிழமை காலை 7 மணிக்குக் கப்பல் நிற்கும், மாலை 7 மணிக்குப் புறப்படும். கப்பல்காரர்களின் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 180 யூரோ. எங்கள் டிராவல் ஏஜென்ட்டோ, "உங்கள் விசாவில் தனியாக ஊருக்குள் போகக் கூடாது, நான் ஏற்பாடு செய்யும் வேனில்தான் போக வேண்டும்" என்கிறார். இது உண்மையா? ஒரே நாளில் வாத்திகனும் கொலோசியமும் பார்க்க முடியுமா?
- கோவை வாசகி

பதில்: ஏஜென்ட் சொல்வது பொய். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் நீங்கள் ரயிலில் போகலாம், நடந்தும் போகலாம். யார் வண்டியில் ஏறுகிறீர்கள் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. வேனை விற்பதற்காக விசாவைக் காட்டி மிரட்டும் இந்த வழக்கத்தை எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும். 

ஆனால் விசாவில் உண்மையாகவே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதை ஏஜென்ட் சொல்லவே இல்லை. விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தைப் பாருங்கள். 01 என்றிருந்தால் ஒரே ஒரு நுழைவு. 02 என்றால் இரண்டு, மல்ட் (MULT) என்றால் பலமுறை. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா, கிரீஸ் எல்லாம் ஷெங்கனுக்குள் அடங்கும். குரோஷியாவும் 2023 ஜனவரி முதல் உள்ளே வந்துவிட்டது. கப்பல் இவற்றுக்குள்ளேயே சுற்றினால் 01 போதும். நடுவில் துனிசியாவின் துனிஸோ, துருக்கியின் குஷாதாசியோ, மான்டினீக்ரோவின் கோட்டோரோ இருந்தால் கதை வேறு. அங்கிருந்து அடுத்த ஷெங்கன் துறைமுகத்துக்குள் வருவது இரண்டாவது நுழைவு. 01 விசாவுக்கு அது கிடையாது. கப்பல் நிறுவனம் பார்சிலோனாவிலேயே உங்களை ஏற்ற மறுக்கலாம். பயண அட்டவணையில் உள்ள ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே எந்த நாடு என்று எழுதிப் பார்த்துவிட்டு, அதன்பின் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டாவது நுழைவு தேவைப்பட்டால் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும்.

இனி போகும் வழி. சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். துறைமுகத்துக்குள் கப்பலடியிலிருந்து இலவச பஸ் வரும். அது லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்குக் கட்டண பஸ் உண்டு. நடந்தால் 20 நிமிடத்துக்குமேல் ஆகும் என்பதால் பெரியவர்களை பஸ்ஸில் கூட்டிப்போங்கள். அந்த இடத்தில் "ரோம், ரோம், ஆளுக்கு இவ்வளவுதான்" என்று கூப்பிடுபவர்களிடம் நிற்காதீர்கள். சொல்லும் விலை பெரும்பாலும் ஒரு வழிக்கு மட்டும். வேன் நிரம்பும்வரை கிளம்ப மாட்டார்கள், திரும்பும் நேரத்தையும் அவர்களே முடிவு செய்வார்கள்.

ரயிலில் 'ரெஜியோனாலே' எனப்படும் சாதாரண வண்டி போதும். ஒரு வழிக்கு ஆளுக்கு 5 யூரோ அளவில் ஆகும். அதைவிட, பிர்க் (BIRG) என்ற ஒரு நாள் சீட்டைக் கேளுங்கள். அந்த நாள் முழுக்க இந்த வண்டிக்கும் ரோமின் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் அது செல்லும். நிலையத்திலுள்ள கடையிலேயே கிடைக்கும். பெயரும் பிறந்த தேதியும் எழுதி, ஏறும் முன் பிளாட்பாரத்திலுள்ள சிறு எந்திரத்தில் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத காகிதச் சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். பரிசோதகர் வெளியூர்க்காரர் என்று இரக்கம் காட்ட மாட்டார். டிக்கெட் எந்திரத்தருகே உதவுகிறேன் என்று வருபவரை மறுத்துவிடுங்கள்.

இரண்டு இடத்தையும் பார்க்கலாம். ஆனால் வாத்திகன் மியூசியத்தையும் சிஸ்டைன் சேப்பலையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்கு மட்டுமே மூன்று மணி நேரம் வேண்டும், பெரியவர்களுக்குக் கால் தாங்காது. புனித பீட்டர் பேராலயம் போதும், அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு சதுக்கத்தில் நடக்கும், அது முடியும்வரை ஆலயத்துக்குள் போக முடியாது. அதனால் கொலோசியத்தை முதலில் வையுங்கள்.

ஒஸ்தியென்ஸே நிலையத்தில் இறங்குங்கள். ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்தே பிரமிதே மெட்ரோவுக்குப் பாதை உண்டு. இரண்டாவது நிறுத்தம் கொலோசியம், வெளியே வந்தால் எதிரில் நிற்கும். டிக்கெட் 30 நாளுக்கு முன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் திறக்கும், சாதாரண டிக்கெட் 18 யூரோ. காலை 11 மணி நுழைவுக்கு எடுங்கள். 9 மணி நுழைவுக்கு எடுத்தால் கப்பலிலிருந்து இறங்குவது தாமதமாகும்போது பணம் போய்விடும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், அடையாள அட்டை கேட்பார்கள். நம் பெயர்களில்தான் சிக்கல்: இனிஷியலை விரித்தோ சுருக்கியோ போடாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால், பதிவில் இரு கட்டத்திலும் அதே பெயரை எழுதுங்கள்.

அதிகாரப்பூர்வ டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று வந்தால் கோபம் வரத்தான் செய்யும். கணினி நிரல்களை வைத்து மொத்தமாக அள்ளிக் கூடுதல் விலைக்கு விற்ற விவகாரத்தில், இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் 2025-ல் டிக்கெட் பொறுப்பிலிருந்த அமைப்புக்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அத்தனை ஆண்டுகள் அதை நடக்கவிட்டதுதான் வருத்தம். வாசலில் 'வரிசை இல்லாமல் உள்ளே' என்று விற்பவரிடம் வாங்க வேண்டாம். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்ட முடியாது. டிக்கெட் கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து கட்டடத்தைச் சுற்றிப் பாருங்கள். பக்கத்துச் சாலையிலிருந்தே பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு, டாக்சி ஸ்டாண்டில் மீட்டர் போட்ட வெள்ளை டாக்சியில் வாத்திகன் போங்கள். 2 மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், புடவையோ சுடிதாரோ சிக்கலில்லை. வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளைந்திருந்து 2.45-க்கும் கதவை நெருங்கவில்லை என்றால், சதுக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பத்து நிமிட நடையில் சான் பியெத்ரோ நிலையம்.

திரும்பும் ரயிலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பலகையில் சிவிட்டாவெக்கியா என்று மட்டும் தேடாதீர்கள். வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் அதில் இருக்கும்; சில வண்டிகளில் அது சிவிட்டாவெக்கியா, மற்றவற்றில் பீசா அல்லது க்ரோசெத்தோ. லாதிஸ்போலி என்று போட்ட வண்டியில் ஏறினால் பாதி வழியிலேயே நின்றுவிடும். ரோமின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து ஏற வேண்டாம். சிவிட்டாவெக்கியா வண்டிகளின் பிளாட்பாரங்கள் அங்கே நிலையத்தின் முன்பகுதியிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கின்றன. 4 மணியை ஒட்டிய வண்டியைக் குறியாக வையுங்கள். அது தவறினாலும் அடுத்ததில் வந்து சேரலாம். கப்பல் புறப்படுவது 7 மணி என்றாலும் ஏறுவதற்கான கடைசி நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். தனியாகப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

ஒரே ஒரு நிலையில் மட்டும் 180 யூரோ கொடுங்கள்: ரயில் வேலைநிறுத்த நாளில். இத்தாலியில் இது அடிக்கடி நடக்கும். குறைந்தது பத்து நாள் முன்னறிவிப்பு சட்டப்படி தேவை, போக்குவரத்து அமைச்சகம் தேதிப் பட்டியலை வெளியிடும். அந்த நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும்தான் வண்டிகளுக்கு உத்தரவாதம். உங்களுக்கு வேண்டிய மாலை 4 மணி நடுவில் மாட்டிக்கொள்கிறது. பயணிகளின் நேரத்தை யோசிக்காமல் போட்ட கணக்கு அது. கப்பலின் சுற்றுலாவில் போனால் அது தாமதமானாலும் உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு.

கடைசியாக, கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜென்ட்டின் (அங்கே கப்பல் நிறுவனத்தின் ஆள்) தொலைபேசி எண் இருக்கும். அந்தத் தாளையும் பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகலையும் நால்வரும் தனித்தனியே வைத்திருங்கள். கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒன்றா என்று இறங்கும்போது வாசலில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.