போராட்ட போஸ்டர் வரைய ஆசைப்படும் மகளுக்கு என்ன படிப்பு?

வணக்கம் அம்மா,

பதினோராம் வகுப்பில் இருக்கும் மகள் கிராஃபிக் டிசைன்தான் படிப்பேன் என்கிறாள், வரலாற்றுப் பாடத்துக்காக அமெரிக்கப் போராட்ட போஸ்டர்களைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து வேறு பேச்சே இல்லை என்று நியூ ஜெர்சியிலிருந்து எழுதியிருந்தீர்கள். "போஸ்டர் ஒட்ட நாலு வருஷம் காலேஜா?" என்று அவளுடைய அப்பா கேட்டாராம். நியாயமான கேள்விதான். அவள் பார்க்கும் போஸ்டர்களிலேயே பதிலும் இருக்கிறது.

எமரி டக்ளஸை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியின் பத்திரிகைக்கு 1967 முதல் படம் வரைந்து பக்கம் வடிவமைத்தவர். இளம் வயதில் சிறார் சீர்திருத்தப் பள்ளியின் அச்சகத்தில்தான் மையும் காகிதமும் அவருக்குப் பழக்கமாயின. பிறகு சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் விளம்பரக் கலை படித்தார். (நம்மவர்கள் பலர் இளக்காரமாகப் பார்க்கும், குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் படிக்கும் கம்யூனிட்டி காலேஜ்தான் அது.) கட்சியிடம் காசு கிடையாது. பெரும்பாலும் கறுப்போடு இன்னொரு நிறம், அவ்வளவுதான் கட்டுப்படியாகும். அதை வைத்துக்கொண்டே தடித்த கோடுகளாலும் ஒட்டிப் பதிக்கும் புள்ளி வடிவங்களாலும் மரத்தில் செதுக்கி அச்சடித்தது போன்ற தோற்றத்தைக் கொண்டுவந்தார். கோபம் அவருடைய சமூகத்துடையது; அதை அச்சில் ஏற்றிய கை, தொழில் கற்ற கை. டிசைனர்களின் சங்கமான ஏஐஜிஏ 2015-இல் அவருக்குத் தன் பதக்கத்தை அளித்தது.

1987-இல் நியூயார்க் சுவர்களில் வந்த 'சைலன்ஸ் = டெத்' (மௌனம் = மரணம்) போஸ்டரும் அப்படித்தான். எய்ட்ஸில் நண்பர்கள் செத்துக்கொண்டிருக்க, அரசு வாய் திறக்காத காலம். போஸ்டரைச் செய்த ஆறு பேரில் சிலர் டிசைன் துறையில் வேலை பார்த்தவர்கள். கறுப்புப் பின்னணி, நாஜி முகாம்களில் ஓரினச் சேர்க்கையாளர்களின் சட்டையில் அடையாளமாகக் குத்தப்பட்ட இளஞ்சிவப்பு முக்கோணம் தலைகீழாகத் திருப்பப்பட்டு, கீழே வெள்ளை எழுத்து. தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தே அது கண்ணில் படும். கிட்டே வந்தால்தான் அடியில் உள்ள பொடி எழுத்து கேள்வி கேட்கும். விளம்பரத் துறையின் வித்தையை அப்படியே போராட்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

டிசைன் படிக்காதவர்கள் செய்த எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் சீசர் சாவேஸ் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கத்துக்கு 1962-இல் கறுப்புக் கழுகை வரைந்த அவருடைய தம்பி ரிச்சர்ட், ஒரு தச்சர். சிறகின் ஓரங்களைப் படிக்கட்டு மாதிரி நேர்கோடுகளாக்கினார். தொழிலாளர்களே கையால் கொடி செய்ய அது எளிது. மெம்பிஸில் 1968-இல் குப்பை லாரி நசுக்கி இருவர் இறந்தபின் வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களின் 'ஐ ஆம் எ மேன்' (நான் ஒரு மனிதன்) அட்டையில் படமே இல்லை. 'ஆம்' என்ற சொல்லுக்கு ஓர் அடிக்கோடு, அவ்வளவே.

அப்போ படிப்பு எதற்கு என்று உங்கள் வீட்டுக்காரர் இதைப் பிடித்துக்கொள்வார். தன் கழுகை யார் தைக்கப்போகிறார்கள் என்பது ரிச்சர்டுக்குக் கூடவே வாழ்ந்ததால் தெரியும். தனக்குத் தெரியாத ஒருவருக்காக, அவர் கொடுத்த பணத்துக்குள், கேட்ட நாளுக்குள் அதே மாதிரி யோசிக்க வேண்டியதுதான் டிசைனர் வேலை. நல்ல கல்லூரி பழக்குவது அதைத்தான். மென்பொருளை யூடியூபிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே கல்லூரிக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோவில் (அவள் செய்தவற்றின் தொகுப்பில்) பிரபல போஸ்டர்களின் நகல் வேண்டாம். அவள் பள்ளியிலோ ஊரிலோ உண்மையாகவே நடக்கும் ஒரு பிரச்சினையை எடுத்து, இரண்டே நிறத்தில் செய்யச் சொல்லுங்கள். தேறாத வரைவுகளையும் சேர்க்கட்டும், தேர்வாளர்கள் அவற்றை விரும்பிப் பார்ப்பார்கள். சில்க் ஸ்கிரீன் அச்சை (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தள்ளி அச்சிடுவது) ஒரு முறையாவது கையால் செய்து பார்க்கட்டும். பெர்க்லி மாணவர்கள் 1970-இல் வியட்நாம் போருக்கு எதிரான போஸ்டர்களைப் பழைய கம்ப்யூட்டர் தாள்களின் பின்பக்கத்தில் இப்படித்தான் அடித்தார்கள், பெரிய செலவில்லை. மன்ஹாட்டனில் போஸ்டர் ஹவுஸ் என்ற போஸ்டர் அருங்காட்சியகம், புரூக்ளினில் போராட்ட அச்சுப்பொருள்களைச் சேர்த்துவைத்திருக்கும் இன்டர்ஃபெரன்ஸ் ஆர்க்கைவ், இரண்டுக்கும் கூட்டிப்போங்கள். அப்பாவும் வரட்டும்.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அரசுக் கணக்கில் 2023-இல் கிராஃபிக் டிசைனர்களின் இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 டாலர். மென்பொருள் சம்பளத்துக்கு இது கிட்டே வராது, எளிய வேலைகளை ஏஐ வேறு தின்னத் தொடங்கிவிட்டது. இந்த ஊதியத்தை நம்பி தனியார் கலைக் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் டாலர் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாநிலப் பல்கலைக்கழகம், அல்லது கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது, அல்லது பெரிய உதவித்தொகை கிடைத்தால் மட்டும் கலைக் கல்லூரி. கூடவே யுஎக்ஸ் டிசைன் (செயலி, இணையதளத்தைப் பயன்படுத்த எளிதாக வடிவமைப்பது) பாடம் சில எடுத்தால் வேலை தேடும்போது கை கொடுக்கும்.

நேஷனல் போர்ட்ஃபோலியோ டே என்ற நிகழ்வில் கல்லூரிக்காரர்களே மாணவர்களின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அங்கே போய் வந்தபின் கல்லூரிப் பட்டியலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.