அழகுக்கு அணியும் கண்ணாடி

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், வேலூர் கோட்டை அருகே நடைபாதைக் கடையில் வாங்கிய பவர் இல்லாத கண்ணாடியை நாள் முழுவதும் அழகுக்காக அணிகிறான். இதனால் பார்வை கெடுமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கெடாது. பவர் இல்லாத கண்ணாடி ஒளியைக் குவிப்பதோ விரிப்பதோ இல்லை என்பதால், அதை எத்தனை ஆண்டுகள் அணிந்தாலும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ அதனால் உண்டாகாது. மலிவான லென்ஸில் கீறலோ நெளிவோ இருந்தால் தலைவலியும் கண்சோர்வும் வரலாம். கழற்றிவிட்டால் அவை தணிந்துவிடும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. வேலூர் வெயிலுக்கென்று அதே கடையில் கறுப்புக் கண்ணாடியும் வாங்குகிறார்கள். புறஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸுக்குப் பின்னால், வெளிச்சம் குறைவதால் கண்பாவை விரிந்துகொடுக்க, அந்த வழியே கதிர்கள் கூடுதலாக உள்ளே செல்ல வாய்ப்புண்டு. நெடுங்காலப் புறஊதாத் தாக்கம் கண்புரைக்கான காரணங்களுள் ஒன்று. நிறத்தின் அடர்த்தி இதற்குப் பாதுகாப்பாகாது. 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுக்கும் லென்ஸ்தானா என்று நல்ல கண்ணாடிக் கடையில் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள்.

மகனிடம் ஒன்று கேளுங்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டால் கரும்பலகை தெளிவாகத் தெரிகிறது என்று அவர் சொன்னால், அது பவர் உள்ள கண்ணாடியாகவே இருக்கக்கூடும். அப்போது கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.