வேர் வந்துவிட்டது, தளிர் எங்கே?

கேள்வி: அரிய வகை மணி பிளான்ட் என்று இணையத்தில் ஓர் இலை வாங்கினேன். காம்போடு தண்ணீரில் வைத்தேன், மூன்று வாரத்தில் வேர் வந்தது. ஆறு மாதமாகியும் தளிர் இல்லை. வேர் மருந்து தடவியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கவனிப்பில் குறையில்லை. காம்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். தண்டின் சிறு துண்டுகூட ஒட்டியிருக்கவில்லை என்றால், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அதில் தளிர் வராது.

தண்டில் இலைக்காம்பு சேரும் இடம் சற்றுப் புடைத்து வளையம்போல் தெரியும். அதுதான் கணு. புதுக்கிளைக்கான மொட்டு அங்கேதான் உறங்குகிறது. வெறும் காம்பின் வெட்டுவாயிலிருந்து வேர் கிளம்பும், கிளை கிளம்பாது. வேர் மருந்தில் இருக்கும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வேரைத் தூண்டுவதற்கானது. இல்லாத மொட்டை அது உண்டாக்காது.

இது விற்பவருக்குத் தெரியாமல் நடப்பதில்லை. தாய்ச்செடியின் படத்தைக் காட்டி இலையை அனுப்புகிறார்கள், ‘வேர் பிடித்தது’ என்று உறுதியும் தருகிறார்கள். வேர் பிடித்ததும் உண்மைதான், அதனால்தான் புகார் செய்யவும் முடிவதில்லை! விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறனை அச்சிடச் சொல்லும் நாடுகள் பல. வெட்டி விற்கும் தண்டில் கணு இருக்கிறதா என்று எந்த அதிகாரி கேட்கிறார்? எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ஏமாற்றம்தான். இனி வாங்கும்முன், அனுப்பப்போகும் அதே துண்டைப் பின்பக்கமாகப் படமெடுத்துக் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். ‘பிங்க் காங்கோ’ என்று விற்கும் இளஞ்சிவப்புச் செடியிலும் எச்சரிக்கை தேவை. அந்த நிறம் மருந்தால் வரவழைத்தது, அடுத்தடுத்த இலைகள் பச்சையாகவே வரும்.

‘பாம்புச் செடி இலையில் வருகிறதே’ என்பீர்கள். வரும். அதன் இலைத்துண்டை மண்ணில் நட்டால் அடியில் வேரும், பல மாதம் கழித்துக் குருத்தும் வரும். ஆனால் துண்டைத் தலைகீழாக நட்டால் வராது, ஆகவே வெட்டும்போதே அடிப்பக்கத்தில் அடையாளமிடுங்கள். இன்னொன்று: மஞ்சள் விளிம்புள்ள இலையிலிருந்து பிறக்கும் குருத்தில் அந்த விளிம்பு இருக்காது, வெறும் பச்சைதான். விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். இந்த ஒரு செடியைப் பார்த்துவிட்டு எல்லா இலையும் முளைக்கும் என்று நம்பியதால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

மணி பிளான்ட்டுக்கு இரண்டு கணுவுள்ள தண்டு போதும். கீழ்க்கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வெட்டி, அங்குள்ள இலையைக் கிள்ளிவிட்டு, கணு மட்டும் நீரில் மூழ்கும்படி வையுங்கள். நான்கு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வேர் மருந்தே வேண்டாம். வேர் ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

கையிலுள்ள இலையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தண்ணீரில் நெடுநாள் பச்சையாக நிற்கும். அதற்காக உரமோ மருந்தோ இனி வாங்காதீர்கள்.