பொனற் மெல்லிசா இருந்தால் வாகனம் பாதுகாப்பில்லையா?

சகோதரம், கைக்குழந்தையோட திருகோணமலை–கொழும்பு ஓடப் புது எஸ்யூவி பார்க்கிறன், பொனற்றை அமத்தினால் பதியுது, பயமா இருக்கு எண்டு கேட்டிருந்தீங்கள். அந்தத் தகரத்தை வச்சு முடிவெடுக்காதீங்கோ. முன்பக்கம் நசுங்கத்தான் வேணும், மோதலின்ர விசையை அதுதான் வாங்கும். நசுங்கக் கூடாதது ஆக்கள் இருக்கிற கூடு: கதவுத் தூண்கள், கூரை விளிம்பு, கதவுக்குக் கீழ்ச் சட்டம். உயர்வலு உருக்கு அங்கதான் வேணும். வாகனங்களை மோத விட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பின்ர அறிக்கையில் கூடு நிலையானதா எண்டு தனியா எழுதியிருப்பினம், அதைப் பாருங்கோ.

ஈஎஸ்சி எண்ட மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இல்லாததை வாங்கவே வேண்டாம். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள்ள இரவில யானை நிண்டு, சடாரெண்டு வெட்டித் திருப்பினால், சில்லுகளைத் தனித்தனியாப் பிரேக் பிடிச்சு வண்டி சறுக்காமல் காக்கிறது அதுதான்.

பின்சீற்று இடுக்குக்குள்ள விரலை விட்டு ஐசோஃபிக்ஸ், அதாவது பிள்ளையின்ர சீற்றைக் கொழுவிற இரும்பு வளையம், இருக்கா எண்டு தடவிப் பாருங்கோ. பிள்ளையின்ர சீற்றைப் பின்பக்கம் பார்த்தபடி அதில மாட்டுங்கோ, எயார்பாக் வேலை செய்யிற முன்சீற்றில ஒருநாளும் வேண்டாம்.